உலையை மூட்டும் முன் ஏட்டைப் புரட்ட வேண்டும்

வாசகர் கேள்வி பதில்: வேதியியலும் தொழிலும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வினையூக்கிகளைப் (தாம் தீராமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்களைப்) பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை எப்படித் தேடுவது என்ற ஒரே பொருளைப் பற்றியவை. ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் உணவகங்களில் வீணாகும் முட்டை ஓட்டைச் சுட்டு, அதை வினையூக்கியாகக் கொண்டு புங்க எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிப்பதை ஆய்வுத் திட்டமாக எடுத்துள்ளேன். முன்னாய்வு நூல்களைத் தேடும்படி வழிகாட்டி கூறினார். இணையத்தில் தேடினால் லட்சக்கணக்கான முடிவுகள் வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது? என் கருத்து புதியதுதானா? (பாலக்கோட்டிலிருந்து ஒரு மாணவி)

பதில்: இரண்டாவது வினாவுக்கு முதலில் பதில் கூறிவிடுகிறேன். முட்டை ஓட்டைச் சுட்டு பயோடீசலுக்கு வினையூக்கியாக்கும் கருத்து புதியதன்று. 2009-ஆம் ஆண்டிலேயே ‘பயோரிசோர்ஸ் டெக்னாலஜி’ என்னும் ஆய்விதழில் அது கட்டுரையாக வந்துவிட்டது. அதற்குப் பின் நத்தை ஓடு, சிப்பி ஓடு, நண்டு ஓடு என்று பலரும் பலவற்றைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். முதுகலை ஆய்வுக்கு முற்றிலும் புதிய பொருள் தேவையில்லை. மற்றவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதைக் கண்டு, அங்கிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அந்த இடத்தைக் காட்டித் தருவதற்குத்தான் இந்தத் தேடல்.

தங்களுக்கு லட்சக்கணக்கில் முடிவுகள் வந்ததற்குக் காரணம், தாங்கள் பொருளின் பெயரைக் கொண்டு தேடியதுதான். சுட்ட முட்டை ஓடு என்பது வேதியியலில் கால்சியம் ஆக்சைடு, அதாவது நம் வீட்டுச் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பைத் தந்த அதே பொருள். சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதே தங்கள் மஃபிள் உலையிலும் நடக்கிறது: 100 கிராம் கால்சியம் கார்பனேட்டிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, 56 கிராம் ஆக்சைடு எஞ்சுகிறது. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் அமெரிக்காவின் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ் நிறுவனம் ஒரு பதிவு எண் தருகிறது. கால்சியம் ஆக்சைடின் எண் 1305-78-8. பெயர்க் குழப்பத்திலிருந்து காப்பாற்றும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் அந்த எண்ணை மட்டும் கொண்டு தேடினால் சிமெண்ட், எஃகு, சர்க்கரை ஆலை, தோல் பதனிடுதல் என்று சுண்ணாம்பு தொட்ட அத்தனை தொழில்களும் வந்து நிற்கும். ஒரு பொருள் ஓர் ஆவணத்தில் இருப்பது வேறு, அது அங்கே வினையூக்கியாக வேலை செய்வது வேறு. ஆகவே பொருளின் பெயரோடு அது செய்யும் வேலையையும், அது தயாரிக்கப்படும் விதத்தையும் சேர்த்தே தேட வேண்டும். வினையூக்கிகளைத் தேடும் எவருக்கும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

காப்புரிமை ஆவணங்களில் இதற்கு வகைப்பாட்டுக் குறியீடுகள் துணை செய்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் இணைந்து 2013 முதல் நடத்தும் கூட்டு வகைப்பாட்டில், வினையூக்கிகளுக்கு உரிய பிரிவு பி01ஜே. அதனுள் கார உலோகங்களும், கால்சியம் உள்ளிட்ட காரமண் உலோகங்களும் 23/02 என்ற உட்பிரிவில் அடங்கும். வெப்பத்தால் பதப்படுத்தி வினையூக்கியைத் தயாரிக்கும் முறைகள் 37/08-இல் அடங்கும். எண்ணெயின் எஸ்டரை (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த சேர்மத்தை) மற்றோர் எஸ்டராக மாற்றும், அதாவது பயோடீசலைத் தரும் வினைக்கு சி11சி 3/10 என்ற வேறொரு குறியீடு உண்டு. ஐரோப்பிய அலுவலகத்தின் ‘எஸ்பாஸ்நெட்’ தளத்தில் இந்த வினைக் குறியீட்டையும் வினையூக்கிக் குறியீட்டையும் ஒருசேரக் கொடுத்துப் பாருங்கள். லட்சங்கள் கரைந்து, ஒரு வாரத்தில் படித்து முடிக்கக்கூடிய அளவுக்கு வந்து நிற்கும். குறியீட்டுக்கு மொழி கிடையாது என்பது இதில் இன்னொரு வசதி. சீனத்திலும் ஜப்பானியத்திலும் எழுதப்பட்ட ஆவணங்களும் அதே குறியீட்டின் கீழ் வந்துவிடும். அவற்றை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்துக்கொள்ளலாம்.

ஆய்விதழ்களுக்கு இத்தகைய வகைப்பாடு இல்லாததால், அங்கே சொற்களை நம்பியே தேட வேண்டியிருக்கிறது. தங்கள் வினையை ஒருவர் டிரான்ஸெஸ்டெரிஃபிகேஷன் என்பார், ஒருவர் ஆல்கஹாலிசிஸ் என்பார், மற்றொருவர் மெத்தனாலிசிஸ் என்பார். புங்கத்தின் தாவரப் பெயரே பொங்கேமியா பின்னேட்டா என்றும் மில்லேட்டியா பின்னேட்டா என்றும் இரு விதமாக வழங்குகிறது. கரஞ்சா என்ற வடநாட்டுப் பெயரில் எழுதியவர்களும் ஏராளம். ஒரு தாளை எடுத்துப் பொருள், வினை, தயாரிப்பு என்று மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் எல்லா மாற்றுப் பெயர்களையும் எழுதிக்கொண்ட பிறகே கணினியின் முன் அமருங்கள். ஒரு பத்திக்குள் இருக்கும் சொற்களை ‘அல்லது’ என்றும், பத்திகளை ஒன்றோடொன்று ‘மற்றும்’ என்றும் இணைக்க வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அது மேற்கோள் காட்டிய பழைய கட்டுரைகளையும், அதை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளையும் தொடர்ந்து செல்லுங்கள். சொல் தேடலில் தப்பியவை பெரும்பாலும் அந்த வழியில் அகப்படும்.

வெற்றியைப் பற்றி எழுதியவற்றை மட்டும் தேடாமல், தோல்வியையும் பெயர் சொல்லித் தேடுமாறு கேட்டுக்கொள்கிறேன். புங்க எண்ணெயில் கட்டிலாக் கொழுப்பு அமிலம் (எஸ்டராகப் பிணையாமல் தனித்திருக்கும் அமிலம்) பெரும்பாலும் மிகுதியாக இருக்கும்; அது சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சோப்பாகி, எஸ்டரும் கிளிசராலும் பிரியாமல் குழம்பி நிற்கும். அதனால்தான் முதலில் கந்தக அமிலத்தைக் கொண்டு அந்த அமிலத்தை எஸ்டராக்கிவிட்டு, இரண்டாம் படியில் காரத்தைப் பயன்படுத்தும் இருபடி முறை வந்தது. சுட்ட ஓடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சித் தன் வலிமையை இழக்கும். மேலும், கால்சியம் ஆக்சைடு வினையின் நடுவே கிளிசராலோடு சேர்ந்து கால்சியம் டைகிளிசராக்சைடு ஆகிறது. அதுவும் வினையூக்கியாகச் செயல்படுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் தங்கள் குடுவையில் வேலை செய்வது தாங்கள் இட்ட பொருள்தானா? சுண்ணாம்பு கரைந்து திரவத்தில் கலந்துவிடுகிறதா? எத்தனை முறை மீண்டும் பயன்படுத்தலாம்? தங்கள் பகுதிப் புங்க எண்ணெயின் அமில மதிப்பை அளந்து, இந்த வினாக்களில் ஒன்றுக்கு நேர்மையான விடை கண்டால், அதுவே மதிக்கத்தக்க ஆய்வாகும்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் மருந்து இடைப்பொருள்கள் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் வேதியியலாளராக இருக்கிறேன். ஹைட்ரஜனேற்றத்துக்கு ரேனி நிக்கல் என்ற வினையூக்கியை வாங்குகிறோம். வேறோர் இடத்திலிருந்து குறைந்த விலைக்கு வாங்கலாமா என்று யோசித்தபோது, இப்போது தருபவர், “இது காப்புரிமை பெற்றது, வேறு இடத்தில் வாங்கினால் சிக்கல் வரும்” என்று கூறினார். இதை நாங்களே சரிபார்க்க முடியுமா? (ஓசூர் வாசகர்)

பதில்: முடியும். வழக்கறிஞரிடம் செல்லும் முன் தாங்களே பார்த்துவிடுவதுதான் நல்லது. அப்படிச் செய்தால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகியிருக்கும்.

இங்கே காப்புரிமை, வணிகப் பெயர் என்னும் இரண்டு வெவ்வேறு உரிமைகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. அமெரிக்கப் பொறியாளர் மரே ரேனி, நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலந்து, எரிசோடாக் கரைசலில் அலுமினியத்தைக் கரைத்து நீக்கி, நுண்துளைகள் நிறைந்த நிக்கலைப் பெறும் முறைக்கு 1927-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அந்த உரிமை காலாவதியாகிப் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. ஆனால் ‘ரேனி’ என்பது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். வணிகப் பெயரைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க முடியும். ஆகவே மற்றத் தயாரிப்பாளர்கள் அதே வகைப் பொருளை ஸ்பாஞ்ச் நிக்கல் என்றும் ஸ்கெலிட்டல் நிக்கல் என்றும் அழைக்கிறார்கள். ரேனி என்ற சொல்லை மட்டும் இட்டுத் தேடுபவருக்கு அவர்களின் ஆவணங்கள் கண்ணில் படவே மாட்டா. வினையூக்கித் தேடலில் வணிகப் பெயரால் வரும் ஏமாற்றம் இதைப் போல் பல உண்டு. நுண்துளைகள் கொண்ட கனிம வினையூக்கியான சியோலைட்டு ஒன்றை ஒருவர் ‘இசட்எஸ்எம்-5’ என்பார், இன்னொருவர் அதன் கட்டமைப்புக் குறியீட்டை வைத்து ‘எம்எஃப்ஐ’ என்பார், பழைய ஆவணங்களில் ‘பென்டாசில்’ என்றும் இருக்கும்.

தங்களுக்குத் தருபவர் குறிப்பிடுவது மாலிப்டினம் அல்லது குரோமியம் சேர்த்த புதிய வகையாக இருக்கக்கூடும். அப்படியானால் காப்புரிமை எண்ணை எழுத்து வடிவில் கேளுங்கள். எண் இல்லாத காப்புரிமை என்று ஒன்று கிடையாது. எண் கிடைத்ததும், அது இந்தியாவில் வழங்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது. அமெரிக்காவில் மட்டும் பெற்ற உரிமை ஓசூரில் செல்லாது. ஓர் அயல்நாட்டு எண்ணைக் கொடுத்தால், அதே கண்டுபிடிப்புக்கு மற்ற நாடுகளில் செய்த விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் குடும்பமாகச் சேர்த்து எஸ்பாஸ்நெட் காட்டும். அதில் இந்திய எண் இருந்தால், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தளத்தில் அதைத் தேடி, பதிவேட்டில் உரிமை நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளே உரிமை நிலைக்கும். அதற்குள்ளும் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் உரிமை அற்றுப்போகும்.

அதன் பிறகு உரிமைகோரல்கள் என்ற இறுதிப் பகுதியை மட்டும் சொல் சொல்லாகப் படியுங்கள். முன்னே 40 பக்கங்களில் எதை விவரித்திருந்தாலும் சட்டத்தின் வேலி நடப்பட்டிருப்பது அந்தச் சில பத்திகளில்தான். ‘மாலிப்டினம் 0.5 முதல் 5 விழுக்காடு வரை’ என்று அங்கே இருந்து, தாங்கள் வாங்க நினைக்கும் பொருளில் மாலிப்டினமே இல்லையென்றால் அந்த உரிமைகோரல் தங்களைத் தொடாது. பாலக்கோட்டு மாணவிக்குக் கூறிய தேடலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். புதுமையை அறியத் தேடும்போது 100 ஆண்டுக்கு முந்தைய காலாவதியான ஆவணமும், எந்த நாட்டில் எந்த மொழியில் வந்த கட்டுரையும் கணக்கில் வரும். தொழில் செய்யத் தடை உண்டா என்று அறியத் தேடும்போது, இந்தியாவில் உயிரோடு இருக்கும் உரிமைகோரல்களே கணக்கு. அவற்றோடு, இன்னும் வழங்கப்படாமல் நிலுவையில் உள்ள விண்ணப்பங்களையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்கள் கழித்தே வெளியாகும் என்பதால், இன்று பார்த்ததோடு நில்லாமல் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். முடிவெடுக்கும் கட்டத்தில் காப்புரிமை முகவர் ஒருவரின் கருத்தைக் கட்டாயம் பெறுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்களுக்குச் சந்தா இல்லை. கட்டுரைகளுக்குப் பணம் கட்டும் வசதி எங்களுக்கு இல்லை. என்ன செய்வது? (தருமபுரியிலிருந்து ஒரு விரிவுரையாளர்)

பதில்: தங்கள் கல்லூரி அரசுக் கல்லூரி என்றால் இந்த நிலை மாறிவிட்டது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அதன் வழியே கிடைக்கின்றன. இன்ஃப்லிப்நெட் என்ற அமைப்பு அதை ஒருங்கிணைக்கிறது. கல்லூரியின் பெயரில் பதிவு செய்திருக்கிறார்களா என்று நூலகரிடம் கேளுங்கள். பதிவு செய்யாமல் இருந்தால் முதல்வரிடம் சென்று வலியுறுத்துங்கள். நம் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட பணம் பயன்படாமல் போகக் கூடாது.

தனியார் கல்லூரியானால், கட்டுரையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பது பழைய வழி, நல்ல வழியும் கூட. பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதழ்க் கட்டுரையில் இரண்டு வரியில் முடிந்துபோன தயாரிப்பு முறை, ஆய்வேட்டில் இரண்டு பக்கங்களுக்கு விரிந்திருக்கும் என்பதால் நானே அவற்றைத்தான் முதலில் திறப்பேன். காப்புரிமை ஆவணங்களை மேலே கூறிய அலுவலகத் தளங்களில் படிக்கக் கட்டணம் கிடையாது. சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் ஒன்று இயங்குகிறது. தேடலில் உதவி வேண்டுவோர் அங்கே கேட்கலாம்.

கேள்வி: எங்கள் கண்டுபிடிப்பை முதலில் கருத்தரங்கில் படித்துவிட்டு, வரவேற்பைப் பார்த்துக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் நண்பர். சரியா? (அரூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சரியன்று. தாங்கள் வெளியிட்ட கட்டுரையே தங்கள் புதுமைக்கு எதிரான சான்றாகிவிடும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமையை நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 1997-இல் நீக்கச் செய்தபோது, பழைய நூல்களோடு 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையும் சான்றாக முன்வைக்கப்பட்டது. அச்சில் வந்துவிட்ட ஒன்றுக்கு அவ்வளவு வலிமை உண்டு. கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கு நம் சட்டத்தில் 12 மாதச் சலுகை ஒன்று இருந்தாலும் அதன் எல்லை மிகக் குறுகியது. பல நாடுகளில் அத்தகைய சலுகையே இல்லை. முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் உண்டு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய்தான். விண்ணப்ப எண் கைக்கு வந்த மறுநாள் கருத்தரங்கில் தாராளமாகப் படியுங்கள்.

கேள்வி: ஒரு காப்புரிமையில் எழுதியிருந்தபடியே வினையூக்கி தயாரித்தேன். அதில் 95 விழுக்காடு விளைச்சல் என்றிருந்தது. எனக்கு 60-க்கு மேல் வரவில்லை. காப்புரிமை ஆவணங்களை நம்பலாமா? அவற்றைப் பின்பற்றிச் செய்வதே குற்றமாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன். (பர்கூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவர்)

பதில்: அச்சம் வேண்டாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் 47-ஆம் பிரிவு, ஆய்வுக்கும் சோதனைக்கும் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கும் காப்புரிமை பெற்றதைப் பயன்படுத்த இடமளிக்கிறது.

நம்புவதைப் பற்றிய கேள்வி பெரியது. இளமையில் நான் பணியாற்றிய ஒரு தொழிற்கூடத்தில், ஒரு காப்புரிமையின் எட்டாவது எடுத்துக்காட்டை, அதாவது அதில் தந்திருந்த ஒரு செய்முறையை, அப்படியே செய்து பார்த்து ஏழு மாதங்களை இழந்தேன். பின்னொரு நாள் அந்த எட்டாவது எடுத்துக்காட்டை ஆங்கிலத்தில் மீண்டும் நிதானமாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: முதல் ஏழு எடுத்துக்காட்டுகளும் ‘கலக்கப்பட்டது, சூடாக்கப்பட்டது’ என்று இறந்த காலத்தில் இருந்தன, எட்டாவது மட்டும் ‘கலக்கப்படுகிறது’ என்று நிகழ்காலத்தில் இருந்தது. அமெரிக்க நடைமுறையில், செய்து பார்த்ததை இறந்த காலத்திலும், செய்தால் இப்படி வரும் என்று எதிர்பார்ப்பதை நிகழ்காலத்திலும் எழுதுவது மரபு. அதாவது அந்தச் சோதனையை எவரும் செய்திருக்கவே இல்லை. தாங்கள் பின்பற்றிய எடுத்துக்காட்டின் வினைமுற்றுகளை முதலில் பாருங்கள்.

அடுத்து, 95 என்ற எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். மூலப்பொருளில் எவ்வளவு தீர்ந்தது என்பது மாற்ற விழுக்காடு. தீர்ந்ததில் எவ்வளவு நமக்கு வேண்டிய பொருளாயிற்று என்பது தேர்வுத்திறன். இரண்டையும் பெருக்கினால் வருவதே விளைச்சல். 95 விழுக்காடு மாற்றமும் 63 விழுக்காடு தேர்வுத்திறனும் இருந்தால் விளைச்சல் 60-க்குச் சற்றுக் குறைவாகவே வரும். அப்படியிருந்தால் தங்கள் சோதனை தோற்கவில்லை, சரியாகவே நடந்திருக்கிறது.

ஒப்பீட்டு எடுத்துக்காட்டுகள் என்று பின்பகுதியில் சில இருக்கும். தம் கண்டுபிடிப்பு மேலானது என்று காட்டுவதற்காக, வேலை செய்யாத முறைகளையும் அங்கே தந்திருப்பார்கள். ஆய்விதழ்களில் தோல்விகளைக் காண்பது அரிது. இங்கே அவை அட்டவணையாகவே கிடைக்கும். எனக்குக் காப்புரிமை ஆவணங்களின் மீது தனி மதிப்பு வந்ததே அந்த அட்டவணைகளால்தான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விளைச்சல் வரவில்லையென்றால், மாசுகளைச் சந்தேகியுங்கள். அம்மோனியா தயாரிப்புக்கு வினையூக்கி தேடிய ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் குழுவினர், தூய இரும்பு சரிவர வேலை செய்யாத நிலையில், சுவீடனிலிருந்து வந்த மேக்னடைட்டு என்ற இரும்புத் தாது ஒன்று வியக்கத்தக்க வகையில் செயல்பட்டதை 1909-இல் கண்டார்கள். அந்தத் தாதுவோடு கலந்திருந்த பிற பொருள்களே அதற்குக் காரணம் என்று உணர்ந்து, ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் அலுமினாவும் பொட்டாஷும் சேர்த்த இரும்பை அடைந்தார்கள். மாறாக, 1953-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் சீக்லரின் ஆய்வுக்கூடத்தில் எத்திலீன் நீள்சங்கிலியாக வளராமல் பியூட்டீனோடு நின்றுபோனதற்கு, கலனில் தங்கியிருந்த நிக்கலின் சுவடே காரணமாயிருந்தது. அதைத் தேடிச் சென்றதிலிருந்துதான் டைட்டானியம் வினையூக்கிகளும், அவற்றைக் கொண்டு குறைந்த அழுத்தத்தில் பாலிதீன் தயாரிக்கும் முறையும் பிறந்தன. தாங்கள் படித்த ஆவணத்தில் ‘அலுமினா’ என்று இருந்தால், அது எந்த நிறுவனத்தின் எந்த வகை, அதன் பரப்பளவு எவ்வளவு, அதில் சோடியம் எத்தனை என்பன எழுதப்படாமல் விடுபட்டிருக்கலாம். அதே கண்டுபிடிப்பின் குடும்பத்தைச் சேர்ந்த பிற நாட்டு ஆவணங்களையும், காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் வினாக்களுக்கு விண்ணப்பதாரர் அளித்த பதில் கடிதங்களையும் திறந்து பாருங்கள். விடுபட்ட விவரம் சில வேளைகளில் அந்தக் கடிதங்களில் இருக்கும். அவற்றிலும் இல்லையென்றால், அதே கண்டுபிடிப்பாளரின் பெயரைக் கொண்டு ஆய்விதழ்களில் தேடுங்கள். காப்புரிமை வெளியான ஓரிரு ஆண்டுகளில் அவரே கட்டுரையாக எழுதியிருக்க வாய்ப்புண்டு. உலையின் வெப்பம் நிமிடத்துக்கு எத்தனை பாகை உயர்த்தப்பட்டது என்பது போன்ற விவரங்கள் அங்கே கிடைக்கும். கிடைத்தால் அந்த வேகத்தில் ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.